சின்ன நோவு கேட்ட அம்மா

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது நடந்தது. நடந்தது ஃபர்சானாவுக்கு. அவள் பேய் பிசாசுக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில், இருட்டிலேயே பல வருஷம் குப்பை கொட்டியவள்.

விழித்திரையில் இரண்டு நோய் உண்டு. இரண்டிலும் நேர்கோடு வளைந்து தெரியும், நடுப்பார்வை மங்கும். ஒன்று வெறும் நீர், தானாக வற்றிவிடும். மற்றது அடியில் முளைக்கிற கெட்ட ரத்தக்குழாய். பார்வையைத் தின்றுவிடும். டாக்டர் லட்சுமணசாமியே சில நேரம் குழம்புவார். ஸ்கேன் பிரித்துச் சொல்லிவிடும். ஊசி கிடையாது, வலி கிடையாது, வெறும் வெளிச்சம்தான்.

அவள் புருஷன் ஆரிஃபுக்கும் வலது கண்ணில் இந்தத் தொந்தரவு. ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டுகிறவன். கண் போனால் பிழைப்பே போச்சு. திங்கட்கிழமை அவளே ஸ்கேன் எடுத்தாள். வெறும் நீர். அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதேவிட்டாள். எதற்கும் வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர்.

வியாழன் மத்தியானம். ஆரிஃபுக்கு முன்னால் வெள்ளகோவில் நஞ்சப்பன், தறி ஓட்டுகிறவர். அவர் தோளில் கை வைத்தபடி ஒரு வயசான அம்மா. ஸ்கேனில் கெட்ட குழாய், வேர்விட்டுக் கிடந்தது. நஞ்சப்பன் எழுந்து போனார். அம்மா போகவில்லை.

“ஏனுங் அம்மணி, ரெண்டு நோவு இருக்குதாமா. எம்பட பையனுக்குச் சின்ன நோவைக் குடுத்துருங்க.”

ஃபர்சானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாங்க குடுக்கறதில்லீங்கம்மா. மிசின் காட்டறதைத்தான் சொல்றோம்.”

“அப்பச் செரி. அடுத்து வாரவங்ககிட்ட மாத்திக்கறேனுங்க.”

பாவம், விவரம் தெரியாத அம்மா என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். ஆளைக் காணோம். கதவு திறந்த சத்தமும் இல்லை...

ஆரிஃப் வந்து மெஷினில் தாடையை வைத்தான். விளக்கை அணைத்தாள்.

“அசையாதீங்க. பச்சைப் புள்ளியைப் பாருங்க.”

“கையை எடு புள்ள. சில்லுனு இருக்குது.”

“எந்தக் கை?”

“தோள்ல...”

அவளுடைய இரண்டு கையும் மெஷினில் இருந்தன.

டிக்... டிக்... டிக்.

திரையில் வேர்.

மறுபடி எடுத்தாள்.

அதே வேர். நஞ்சப்பனிடம் பார்த்தது, கிளைக்குக் கிளை...

ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஆரிஃபின் வலது கண் தேறவில்லை. நஞ்சப்பனுக்கோ மறு ஸ்கேனில் வெறும் நீர், அதுவும் வற்றிப்போனது. மெஷின் கோளாறு என்றார் டாக்டர். ஃபர்சானாவுக்கு வயிறு எரிந்தது. வெள்ளகோவிலுக்கு ஃபோன் போட்டாள்.

“உங்கம்மாகிட்டக் குடுங்க.”

“அம்மாவா? அவங்க தவறி ஏழு வருசமாச்சுங்களே! நான் தனியாத்தானுங்க பஸ்ஸேறி வந்தேன்.” நஞ்சப்பன் கொஞ்சம் தயங்கினார். “இப்ப எடது கண்ணும் வளைஞ்சு தெரியுதுங்க. திங்கக்கெழமை வாரேனுங்க.”

ஆரிஃபுக்கு மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவனிடம் வீட்டை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். நஞ்சப்பன் வந்தார். இடது கண்ணிலும் வேர். அவர் எழுந்து போனார். இருட்டில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஸ்கேன் அறையைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால்? ஆள் கிடைக்காமல் அது வீட்டுக்கே வந்துவிட்டால்?

வெளியே பெஞ்சில் பீளமேட்டுக் கல்லூரிப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். பெயர் அன்புக்கரசி. போன வாரம்தான் அவளுக்கும் வெறும் நீர் என்று வந்திருந்தது. டோக்கன் கூப்பிடுவது ஃபர்சானாவின் வேலை.

கதவைத் திறந்தாள். சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

“அடுத்தது நீதான். உள்ள வா கண்ணு.”