பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

படப்பிடிப்பு ஆட்கள் அவளைப் 'பழசக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று அடித்த சுவரை நாற்பது வருஷத்துச் சுவராக்கிவிடுவாள். டீத்தண்ணி, கரித்தூள், ஒரு ஈரப் பஞ்சு, இவ்வளவுதான் அவள் சரக்கு. பேய்க் குறும்படம் எடுக்கிற பையன்கள் எல்லாரும் அவளைத்தான் தேடி வருவார்கள். "பேயே வேணாம் தம்பி. அலமாரிக் கதவைப் பாதி திறந்து வை, கேமராவைச் சின்னப் புள்ள உயரத்துக்கு இறக்கு. பயம் தானா வந்து உக்காந்துக்கும்" என்பாள்.

நாற்பத்தொரு வயதில் தானே ஒன்று எடுத்தாள். ஒன்பது நிமிஷம். ஒரு பையன், ஒரு கட்டில், கட்டிலை ஒட்டிப் பலகைச் சுவர். விளக்கை அணைத்ததும் சுவருக்குள்ளிருந்து யாரோ கீறுகிற சத்தம். உரிந்த நீலப் பெயின்ட், ஆணியில் தொங்கும் சட்டை இருட்டில் ஆளாக நிற்பது, எல்லாம் அவள் தம்பி சிறுவயதில் படுத்த அறை. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள். அது பொய்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மதியம் நூலக மாடியில் திரையிட்டார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன், "எங்க அக்கா படம்" என்று பக்கத்து ஆளிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். படத்தில் பையன் படுக்கையை நனைக்கிற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தம்பி குனிந்துகொண்டான்.

படம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "அந்தச் சத்தம் எப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

பாராட்டில் பழசக்காவுக்குக் கால் தரையில் இல்லை. "சின்ன வயசுலயே கண்டுபிடிச்சது! சீப்பைப் பலகைச் சுவர்ல மெதுவா இழுக்கணும். அந்தப் பக்கம் படுத்திருக்கிறவங்களுக்கு உயிரே போயிடும்."

கூட்டம் கைதட்டியது. அப்புறம்தான் தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, படி இறங்கிப் போனான்.

அந்தச் சீப்பை இழுத்த காலத்தில் அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு ஏழு. வீட்டில் இருந்த ஒரே தனி அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆத்திரம். இரண்டு வாரம் கீறினாள். அவன் அலறிக்கொண்டு அம்மா பக்கத்தில் போய்ப் படுத்தான். அறை அவளுக்கு வந்தது. ஆனால் அந்தப் பயத்தில் அவன் படுக்கையை நனைக்கத் தொடங்கியது பன்னிரண்டு வயதுவரை நிற்கவில்லை. அம்மா அடித்தாள், டாக்டரிடம் இழுத்துப் போனாள், பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை. 'பயந்தாங்கொள்ளி' என்று வீடே சிரித்தது. இவளும்தான்.

மறுநாள் காலை அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனாள். திறந்து கிடந்த லிஃப்ட் முன்னால் உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது திட்டுடா."

"படம் நல்லா இருந்துச்சுக்கா. நெஜமாவே பயந்துட்டேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்குத்தான் மூளையில ஏதோ கோளாறுன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றான். "பொண்ணு பொறந்தப்ப, அவளுக்கும் அது வந்துடுமோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"படத்தை இனி யாருக்கும் காட்டலடா."

"படத்தை என்னமோ பண்ணு. அம்மாகிட்ட சொல்லு. இன்னும் என் பொண்ணு முன்னாடியே என்னைப் பயந்தாங்கொள்ளிங்கறாங்க."

அன்று சாயங்காலமே சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "சின்னப் புள்ளைங்க விளையாட்டு, இப்ப எதுக்குடி அது?" என்றாள். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"விளையாட்டு இல்லம்மா. ரூம் வேணும்னுதான் பண்ணேன். நீங்க அவனை அடிச்சப்பல்லாம் பக்கத்துலயே நின்னேன். வாயே திறக்கல."

அம்மாவின் கை நின்றது. "எத்தனை அடி அடிச்சிருக்கேன்டி அவனை" என்றாள். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். அம்மா அழுவதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியாமல் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

தம்பி இப்போதும் வருகிறான், போகிறான். "சாப்டியாக்கா?" என்று கேட்கிறான். ஆனால் முன்னெல்லாம் லீவு நாளில் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவான். இப்போது விடுவதில்லை. ஏன் என்று அவளும் கேட்பதில்லை.