மூன்றாவது அடிக்குப் பின்

சைக்ளோஸ்டைல் மை அப்பிய அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எழுதும் எண்ணம், தாம்பரம் மாதா கோயிலில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து அக்காவோடு நடந்து வரும்போது தோன்றியது. “நீ முணுமுணுக்கிற லத்தீனுக்கு அர்த்தம் தெரியுமாக்கா?” என்று கேட்டேன். “எதுக்குடா தெரியணும்? சொன்னா நெஞ்சு லேசாகுது. அது போதாதா?” என்றாள். போதாது என்று எனக்குப் பட்டது. கல்லூரியில் சேர்ந்திருந்த வயது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் விளக்கிவிடலாம் என்ற துடிப்பு.

அக்கா குரோம்பேட்டையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். பாவ அறிக்கை செபத்தில் மூன்று முறை மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும். சேலையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டுவதுபோல அவ்வளவு மெதுவாகத் தட்டுவாள்.

எழுபத்தொன்றில் பூசை முழுவதும் தமிழுக்கு வந்தது. சாமியார் மக்கள் பக்கம் திரும்பி நின்றார். பம்மல் தோல் கிடங்கில் வேலை பார்த்த பெரியவர், “இன்னா தம்பி, இத்தினி நாளா கடவுளுக்குத் தமிழ் தெரியாதுன்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. புதிய செபத்தில், செய்த பாவங்களோடு செய்யத் தவறியவையும் சேர்ந்திருந்தன.

அந்தச் செபத்துக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதி, கோயிலில் எல்லோருக்கும் கொடுக்க நானே ஸ்டென்சில் வெட்டினேன். ‘செய்யத் தவறியவை’ என்ற இடத்துக்கு ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. சட்டென்று வந்ததை எழுதினேன்: ‘நோயாளியின் அருகில் இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல் போவது.’

அம்மா மூச்சுத் திணறி இறந்த காலையில், பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று அக்கா கிளம்பிப் போயிருந்தாள். “இன்னிக்கு ஒரு நாள் இரும்மா” என்று அம்மா அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எழுதும்போது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. இதை இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

தாளைப் படித்துவிட்டு அக்கா கேட்டாள்: “இது சாமியார் எழுதுனதா, நீ எழுதுனதா?”

“நான்தான்க்கா. எப்படி இருக்கு?”

“நல்லாப் புரியுது.”

அடுத்த ஞாயிறு, ஆண்கள் பக்கம் நின்றிருந்த எனக்கு, நடுவழியைத் தாண்டி அக்கா மார்பில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மூட்டையில் குத்துவதுபோல மூன்று அடி. பிறகு நான்காவது. ஐந்தாவது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில வாரங்களில் அது வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு கொதிக்கும்போது, துணி அலசும்போது, பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டமுடியாமல் நிற்கும்போது. பிள்ளைகள் எதிரிலும் அடித்துக்கொண்டாள் என்று தலைமை ஆசிரியை அவளை நீண்ட லீவில் அனுப்பினார். டாக்டரிடம் போகலாம் என்றால், “பாவத்துக்கு எந்த டாக்டர்டா மாத்திரை குடுப்பாரு?” என்கிறாள். சாமியார் மன்னிப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டார். வாங்கிக்கொண்டு வந்து மறுபடியும் அடித்துக்கொள்கிறாள்.

பொருள் தெரிந்தால் மனம் தெளியும் என்று நம்பியவன் நான். அக்காவை இத்தனை காலம் தாங்கி நின்றது பொருள் தெரியாத அந்த முணுமுணுப்புதான் என்று இப்போது நினைக்கிறேன். அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டு ஒரு தாளைக் கொடுத்தேன்.

இன்று என்னிடமுள்ள தாளோடு அக்காவினுடையதையும் எடுத்துப் பார்த்தேன். அவளுடைய பிரதியில் அந்த ஒரு வரி மட்டும் விரல் பட்டுப் பட்டு அழிந்திருக்கிறது. வரும் ஞாயிறு நான் பெண்கள் பக்கம் போய் அக்காவின் அருகில் நிற்கப் போகிறேன். யார் என்ன சொன்னாலும் சரி. மூன்று அடி அவளுடையது, அடித்துக்கொள்ளட்டும். நான்காவதற்குக் கை உயரும்போது பிடித்துக்கொள்வேன். திமிறினாலும் விடுவதாக இல்லை.