முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பாடம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பெற்று, ஐந்தையும் ஆளாக்கினேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் கடைசி மகள் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். இதை எங்கேயும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

போன ஆடியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை அம்மா அந்தப் பள்ளிக்கு வந்தார். டீச்சர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி. வகுப்பில் டீச்சர் எப்படிக் கேட்கிறார், பிள்ளைகள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டுமாம். மகள் தன் பாடத்தைப் போனில் பதிவு செய்து, வீட்டில் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதவேண்டும். பிறகு டீச்சர்கள் கூட்டத்தில் அதை எல்லாரும் சேர்ந்து கேட்பார்களாம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுவாள். நான் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருப்பேன்.

முதல் பதிவில் அவள் கேள்வி கேட்டாள். பிள்ளைகள் வாய் திறக்குமுன் பதிலையும் அவளே சொன்னாள். முழுக்க அப்படித்தான். நடுவில் ஒரு பிள்ளை ஏதோ சொல்ல வந்தது. "நீ சும்மா இரி" என்றாள். அந்த இடத்தில் போனை நிறுத்திவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, இருபது வருசமா நான் இப்பிடியா பாடம் எடுக்கேன்? இதையா அவ்வோகிட்ட காட்ட?"

என் மகளை நாலு பேர் குறை சொல்வதா? எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொருக்கா பதிவு பண்ணுட்டி. பிள்ளைகளுக்கு மொதல்லயே கேள்வியையும் பதிலையும் சொல்லிக் குடுத்திரு. இன்ஸ்பெக்சனுக்கு எல்லாரும் செய்யதுதானே?"

களைப்பில் அவளும் சரி என்றாள். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தாள். கேட்க அத்தனை அழகு. அதைத்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியை ஓரிடத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்டினாராம். கேள்வி பாதியில் இருக்கும்போதே வகுப்பு முழுவதும் பதிலைச் சொல்லிவிட்டது. கூட இருந்த கணக்கு சார், "ஒங்க பிள்ளைகளுக்கு சோசியம் தெரியுமோ டீச்சரே?" என்று சிரித்தாராம். பேராசிரியை சிரிக்கவில்லை. "இத வச்சு நாம ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது டீச்சர். வேற பதிவு இருக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"அம்மா சொல்லித்தான் செஞ்சேன்னு சொன்னியா?"

"எதுக்கும்மா? செஞ்சது நான்லா."

அடுத்த கூட்டத்தில் முதல் பதிவையே எல்லார் முன்னாலும் ஓடவிட்டாள், அந்த "சும்மா இரி"யோடு. இப்போது கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறாளாம். "அஞ்சு எண்ணதுக்குள்ள உயிரு போவுதும்மா" என்கிறாள். சில நாள் ஒரு பிள்ளை பேசும். சில நாள் ஒன்றும் பேசாது.

பதிலைச் சொல்லிக்கொடுக்கும் அந்த யோசனை என்னுடையது என்று அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்துக்கூட்டி இங்கே எழுதிவிட்டேன்; எழுதி முடிக்க நாலு நாளாயிற்று. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"மக்கா, இதச் சத்தமா வாசி. பாட்டிக்குக் குறச்சலா, வெக்கமா இருக்குன்னு எதையும் விட்டுராண்டாம், கேட்டியா."