ஜன்னலில் நின்ற காரணம்

காஜா பெராங்கில் குடியிருந்த சிவகாமசுந்தரி ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை முடித்துப் பகலில்தான் தூங்குவாள். பக்கத்து வீட்டுப் பொன்னுதுரையின் கித்தார் கோஷ்டி ஒத்திகை தொடங்கினால் தூக்கம் போய்விடும். ஜன்னலில் நின்று, "சத்தத்த நிப்பாட்டு!" என்று கத்துவாள்.

அறுபத்தாறாம் ஆண்டில் அவன் எழுதிய மலாய்ப் பாட்டு வானொலியில் வந்தது. ஜன்னலில் நின்று தனக்காக ஏங்கும் சுந்தரி என்ற பெண்ணைப் பற்றிய பாட்டு. ஊரே பாடியது. வார்டில் நோயாளிகள்கூட அவளைக் கண்டால் முணுமுணுத்தார்கள். செமாபோக்கிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்த குடும்பமும் பாட்டைக் கேட்டபின் வரவில்லை.

பொன்னுதுரையிடம் போய்க் கேட்டாள். "பாட்டுத்தானே லா! நீ பேமஸ் ஆயிட்டே," என்று சிரித்தான்.

அந்த வாரம் பொருட்காட்சி மேடையில் அவன் அதையே பாடத் தொடங்கியபோது, நர்ஸ் உடுப்போடு ஏறி மைக்கைப் பிடுங்கினாள்.

"நான்தான் அந்தச் சுந்தரி. இவனுக்காக ஏங்கி நிக்கல. இவன் சத்தத்துல தூங்க முடியாம, வாய மூடுன்னு சொல்லத்தான் நின்னேன்!"

தமிழில் சொன்னதை மலாயிலும் சொன்னாள். கூட்டம் விசிலடித்தது. பொன்னுதுரை பாடாமலே இறங்கிப் போனான்.

ஒத்திகை தள்ளியிருந்த பத்து பெரெண்டாம் என்ற இடத்துக்கு மாறியது. பாட்டு மட்டும் வானொலியில் வந்துகொண்டே இருந்தது. யார் வீட்டு வானொலியானாலும் அவள் எழுந்துபோய் அணைத்துவிடுவாள்.