மச்சான் ஊற்றிய தண்ணீர்

என் மூத்தவள் ராத்தாவுக்குக் கலியாணமான வருடம் நோன்பு மாதம் கச்சான் காற்றோடு வந்தது. மேற்கே வயல்களின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வீசும் அந்தக் காற்றில், காலையில் காயப்போட்ட சாரன் கொஞ்ச நேரத்தில் காய்ந்த ஓலைபோல விறைத்துவிடும். எங்கள் வளவு வெறும் கடற்கரை மணல். அதில் உம்மா கத்தரியும் கொச்சிக்காயும் நட்டு, நோன்பு முடியுமட்டும் கறிக்குச் சந்தைப் பக்கம் போகமாட்டேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்திருந்தா.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். மருதமுனையிலிருந்து வந்த மச்சான் நெசவுக்காரர். வந்து இரண்டு மாதமாகியும் உம்மா அவரோடு நேரே ஒரு சொல் கதைத்ததில்லை. மருமகன் முற்றத்தில் நின்றால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பதுதான் மரியாதை. வாப்பாவோ நாவிதன்வெளியில் வயல் காவலில் இருந்தார்.

மச்சான் நல்ல மனிதர். மாமி வெயிலில் செடிகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பள்ளிவாசலில் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் சேட்டைக் கழற்றிப் போட்டு, கிணற்றில் அள்ளி அள்ளிக் கத்தரிக்கு ஊற்றத் தொடங்கினார்.

வில்லங்கம் அங்கேதான். கச்சான் வீசினால் எங்கள் கிணறு உவர்த்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவருவோம். அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்து, பொழுதுபட்ட பிறகு செடிகளுக்குச் சிரட்டையால் வார்ப்பது உம்மாவின் வழக்கம்.

மச்சான் ஊற்ற ஊற்ற இலைகள் ஓரம் கருகின. கருகக் கருக அவர் இன்னும் ஊற்றினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். செடி வாடினால் நீர் காணாது, இன்னும் ஊற்றவேண்டும் என்று பாடத்தில் இருந்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். உப்பைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை. மச்சான் என் தலையைத் தடவிவிட்டு இன்னும் இரண்டு வாளி ஊற்றினார்.

"உப்பெண்டு தெரிஞ்சும் ஊத்துறாரே! நீ சொல்லன் புள்ள," என்று உம்மா குசினிக்குள் ராத்தாவின் கையைப் பிடித்தா.

"நான் மாட்டன். ஆசையில செய்றவர்ட வேலையில பிழை சொல்லி, மனம் முறிஞ்சி தாய்வீட்டுக்குப் போனா நீங்களா கூட்டிட்டு வருவீங்க?"

அதுதான் பயம். அப்படிப் போன மாப்பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர ஊர்ப் பெரியவர்கள் போகவேண்டும். வேடிக்கை பார்க்கும் ஊருக்கு அது பெருநாள் மாதிரி.

உம்மா வாளியை ஒளித்தா. மச்சான் கல்முனைச் சந்தையில் புது வாளி வாங்கிவந்தார். அது பழையதைவிடப் பெரிது.

"என்ன மாப்பிள்ள, கத்தரியக் குளிப்பாட்டி முடிஞ்சா?" என்று வேலிக்கு அப்பால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரி கேட்டா.

"இன்னும் காணா சாச்சி," என்று வெட்கத்தோடு சிரித்துவிட்டு, பிஞ்சு பிடித்திருந்த கடைசிப் பாத்திக்கு மச்சான் வாளியைத் தூக்கினார். உம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முக்காடு தோளில் கிடக்க முற்றத்துக்கே ஓடிவந்துவிட்டா.

"ஊத்தாதீங்க மருமகன்! உப்பு! பச்ச உப்புத் தண்ணி! கண்ணில்லையா உங்களுக்கு?"

வேலிக்கு அப்பால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. மச்சான் வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

"உப்பா? எனக்குத் தெரியா மாமி. வாயில வெச்சிப் பாக்க நோன்புதானே. தொழுகைக்கு வாய் கொப்பளிச்சி ஒளு எடுக்கிறதும் பள்ளியில."

உண்மைதான். இரவில் அவர் குடித்ததெல்லாம் குடத்துத் தண்ணீர். உவர்த்த பிறகு அந்தக் கிணற்றின் ஒரு சொட்டுக்கூட அவர் நாக்கில் பட்டதில்லை. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினா. மச்சான் சேட்டைப் போட்டார். தெருவில் இறங்கி நடந்தார்.

பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டது. அவர் வரவில்லை. ராத்தா அடுப்படியில் இருந்து அழுதா. "ரப்பே, என்ட நாக்கே எனக்குச் சத்துரு," என்று உம்மா கஞ்சியைக் கிண்டாமல் அடிப்பிடிக்க விட்டா.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் படலையடியில் மாட்டுக்கரத்தைச் சத்தம் கேட்டது. மச்சானின் தம்பிக்காரன் மாட்டை ஓட்ட, பின்னால் மச்சான் ஒரு தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்.

"எங்கட உம்மாட கிணறு இன்னும் இனிப்பு மாமி," என்றார், முதல்முறையாகக் குசினியைப் பார்த்து உரத்து. "நோன்பு தொறந்து, நான் குடிச்சிப் பாத்துட்டுத்தான் ஊத்துவன். ஏசுறதெண்டா நேரத்தோட ஏசுங்க."

உம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தா. "இறக்குங்க மகன்," என்றா. 

பாதிச் செடிகள் போய்விட்டன. பெருநாளன்று பகல், கருகிப்போன ஒரு கத்தரியில் பச்சையாய் ஒரு துளிர் கண்டேன். குசினிக்கு ஓடினேன். அங்கே மச்சான் பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, கறியில் புளி கூடிப்போச்சு என்று உம்மாவோடு வாதாடினார். உம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு சிரித்தா. பக்கத்தில் ராத்தாவும் சிரித்தா.

"உம்மா, கத்தரி துளிர்த்திட்டு! வந்து பாருங்க!"

"ஓம் மகன், ஓம்," என்றா உம்மா, திரும்பிப் பார்க்காமலே.

எனக்குக் கோபம் வந்தது. அந்தச் செடிகளுக்காக எத்தனை நாள் தவித்த மனுசி, பிழைத்ததைப் பார்க்க ஓர் எட்டு வரவில்லையே என்று, நான் மட்டும் போய் அந்தத் துளிருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.