ஹச்சினோஹேயின் கருஞ்சுறா

மீன் பெட்டியில் வலிக்கும் முழங்காலைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் குசுமாகி. உடைத்த ஐஸ் தொடைவரை ஏறியிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் கானாங்கெளுத்தி. ஹச்சினோஹே துறைமுகச் சந்தையில், ஷிமே அக்காவின் கடையில் காலைதோறும் இதுதான் காட்சி.

"நாத்தம் மீனோடதா, அந்த ஆளோடதான்னு கேக்குறாங்க" என்பாள் ஷிமே அக்கா.

"ஆளோடதுன்னு சொல்லுக்கா. மீனாவது வித்துப்போகும்" என்பார் அவர்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. பிசைந்து எறிந்த மாவு போன்ற காதுகள். நெற்றி நிறைய வடு. மல்யுத்த மேடையில் அவருக்குப் பெயர் கருஞ்சுறா. எதிராளியின் கண்ணில் உப்பைத் தூவுவார்; நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் காலை வாருவார். அந்த நடுவர் நான்தான். சரியான நேரத்தில் திரும்பிக்கொள்வதும் என் வேலையில் சேர்த்தி. ஊர் ஊராகப் போகும் எங்கள் சிறிய குழுவில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். விழுவது மட்டும் நிஜம். பொதுக் குளியல்கூடத்தில் குழந்தைகள் அவரைக் கண்டு அழும். அவர் மூக்குவரை வெந்நீரில் இறங்கி, அவை போகும்வரை அப்படியே கிடப்பார்.

"அடிக்கிறதுல என்ன இருக்கு? எதிராளி நடந்து வீட்டுக்குப் போகணும். அதான் தொழிலு" என்பது அவர் வாக்கு.

போன வருடம் பனிக்காலத் தொடக்கத்தில் ஹனவா நடந்து போகவில்லை. குழுவிலேயே கூட்டம் அதிகம் விரும்பும் வீரன் அவன். குசுமாகி ஒரு கையைத் தோளிலும் ஒரு கையைத் தொடையிடுக்கிலும் கொடுத்து அவனைத் தலைகீழாகத் தூக்கினார். வாழ்நாளெல்லாம் போட்ட தூக்குதான். அன்று முழங்கால் மடங்கிவிட்டது. முதுகில் விழவேண்டியவன் கழுத்தில் விழுந்தான்.

"கைய அசைடா" என்றார் குசுமாகி, மெதுவாக.

அசையவில்லை. நான் ஆட்டத்தை நிறுத்தினேன். கூட்டம் இதையும் வேஷம் என்று நினைத்துக் கூச்சலிட்டது.

அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. மேடைப் பலகைகளைச் சுமந்து லாரியில் ஏற்றும் வேலை மட்டும் செய்தார். ஓய்வு நாளில் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போவார். அறை வாசலில் ஹனவாவின் தாய் மறித்தாள்.

"தூக்கிப் போட்டவனே பாக்க வர்றதும் ஒங்க வழக்கமா?"

குனிந்து வணங்கிவிட்டு நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த முறையும் அங்கேயே. கொண்டுபோன ஆப்பிள்களைத் தாதிகள் தின்றார்கள். ஒருநாள் அவளாகவே வெளியே வந்து, "கட்டைவிரல் அசைஞ்சுது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த இலையுதிர்காலத்தில் ஹனவா நடந்தே சந்தைக்கு வந்தான். மேடை ஏற மருத்துவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்களாம்.

"அண்ணே, ஒரு ஆட்டம். அதே தூக்கு."

குசுமாகி முடியாது என்றார். அந்தத் தூக்கு இல்லாமல் தன்னைப் பூப்போலக் கீழே வைத்தால் கூட்டம் உடைந்து ஒட்டவைத்த சட்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கும், அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றான் ஹனவா.

"என் முட்டிய நம்பாத."

"முட்டி என்ன தனியாவா வருது? நீங்களும்தான கூட வர்றீங்க."

ஷிமே அக்கா சிரித்துவிட்டாள். குசுமாகி சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் பயிற்சிக்கு வந்தார்.

போன ஞாயிறு நகராட்சிக் கூடத்தில் ஆட்டம். முன்வரிசையில் ஹனவாவின் தாய், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு. கருஞ்சுறா உப்பைத் தூவினார். "கொலைகாரா" என்று யாரோ கத்தினார்கள். அவர் பல்லைக் காட்டினார். பிறகு ஹனவாவைத் தூக்கினார். அதே தூக்கு.

விழும் இடத்துக்கு அருகே நான் மண்டியிட்டிருந்தேன். கீழே வரும்போது தோளைப் பிடித்திருந்த அவர் கை நகர்ந்து, ஹனவாவின் பிடரிக்கு அடியில் விரிந்தது. பலகையில் முதலில் இடித்தது குசுமாகியின் முழங்கை. அந்தச் சத்தத்தை ஹனவாவின் முதுகு இடித்தது என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று அவரைச் சபித்தது. அவர் பதிலுக்கு உறுமினார். உறுமியபடியே, ஹனவாவின் விரல்கள் அவர் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தும்வரை, அந்தக் கையைப் பிடரிக்கு அடியிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார்.