வெறுங்கையோடு ஒரு நடைப்பயிற்சி

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை, எடை குறைய தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் செலியமேட்டு ரோட்டில் ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை நிறுத்தினார். "இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

அடுத்து, நடவு முடிந்து திரும்பிய எங்கள் தெரு அக்கா. "வூட்ல சண்டையா? அதுக்குன்னு ஒரு பைகூட எடுக்காம கெளம்பிடுவியா?"

"சுகருக்கு நடக்கறேன்க்கா" என்றேன். அவர் நம்பவில்லை.

ஐந்தே நிமிடத்தில் மடுகரையில் என் தாய்வீட்டிலிருந்து அம்மாவின் போன். "அங்கியே நில்லுடி. அண்ணன் கார் எடுத்துட்டு வரான்."

அரை மணிக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.

நாளை காலிப் பால் கேனோடு நடக்கப்போகிறேன். கேன் வைத்திருப்பவளிடம் யாரும் சண்டையா என்று கேட்பதில்லை.

உங்கள் ஊரில் எதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள்?